முதல் 200 கிலோமீட்டருக்குத் தயாராகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம், பிரெவே என்று அழைக்கப்படும் நெடுந்தூர சைக்கிள் ஓட்டம் ஒன்றில், 200 கிலோமீட்டர் பாதையின் 140-ஆவது கிலோமீட்டர் பக்கம் ஒரு தம்பி சாலையோரம் உட்கார்ந்திருந்தார். சைக்கிளில் கோளாறு இல்லை, உடம்பில் அடி இல்லை. காலையில் கிளம்பிய பத்தாவது நிமிடத்தில், வேகமாகப் போன ஒரு கூட்டத்தோடு என்னைத் தாண்டிச் சென்றவர் அவர். "அண்ணா, நாலு மாசம் பிராக்டிஸ் பண்ணேன். இப்ப கால்ல ஒண்ணுமே இல்ல" என்றார். நான்கு மாதம் விடியும் முன்னே எழுந்து ஓட்டியவர், அன்று சைக்கிளை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பினார். என் முதல் பிரெவேயில் நானும் அதே மாதிரி உட்கார்ந்திருந்தேன், அதே காரணத்துக்காக.

ஹெல்மெட் போடுங்கள், தண்ணீர் எடுத்துப் போங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. தெரிந்தவர்களும் மறுபடி மறுபடி செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பிரெவே புதிது என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் என்ற பிரெஞ்சு சைக்கிள் சங்கம் வகுத்த விதிகளின்படி உலகமெங்கும் நடக்கும் இந்த ஓட்டம் பந்தயம் கிடையாது. யார் முதலில் வந்தார் என்று யாரும் வரிசைப்படுத்துவதில்லை. 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடித்தால் போதும். 300-க்கு 20 மணி நேரம், 400-க்கு 27, 600-க்கு 40. வழியிலுள்ள கன்ட்ரோல்களை, அதாவது சோதனை இடங்களை, அவை மூடும் முன் தொட வேண்டும். சராசரியாக மணிக்கு 15 கிலோமீட்டர், நிற்கும் நேரமும் சேர்த்து.

அடுத்தவர் வேகத்தில் ஓட்டுவது

என் முதல் 200-இல் முன்னால் ஒரு கூட்டம் மணிக்கு 30-இல் போனது. பயிற்சியில் தனியாக 24-க்கு மேல் நான் நெடுநேரம் ஓட்டியதே இல்லை. ஆனால் அவர்கள் பின்னால் ஒட்டிக்கொண்டதும் 30 லேசாகத் தெரிந்தது. நாம் தேறிவிட்டோம் என்று நினைத்தேன். உண்மையில் எனக்கு முன்னால் போனவர்கள் காற்றைத் தாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

24-இலிருந்து 30-க்குப் போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது. காற்றோடு மல்லுக்கட்டும் உழைப்போ ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். ஒருவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும்வரை அதில் கொஞ்சம் மிச்சமாகும். ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும், ஒவ்வொரு சின்ன ஏற்றத்திலும் கூட்டம் இழுபடும். இடைவெளி விழுந்ததும் எழுந்து நின்று மிதித்துத் துரத்த வேண்டும். முறை வந்து முன்னால் போனால் முழுக் காற்றும் நெஞ்சில் வாங்க வேண்டும். இந்தச் சின்னச் சின்னத் துரத்தல்கள் அந்த நேரத்தில் வலிக்காது. நூறாவது கிலோமீட்டருக்கு அப்புறம் மொத்தமாக வந்து நிற்கும்.

காரணம் எளிமையானது. தசைகளிலும் கல்லீரலிலும் நாம் சேர்த்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு ஏறக்குறைய 500 கிராம், அதாவது சுமார் 2000 கலோரி. நிதானமாக மிதித்தால் உடம்பு கொழுப்பையும் கணிசமாக எரித்து இந்தக் கையிருப்பைக் காப்பாற்றும். மூச்சு வாங்க மிதித்தால் பெரும்பாலும் கிளைக்கோஜனையே கரைக்கும். அதோடு ரத்தம் வயிற்றை விட்டுக் கால்களுக்குப் போய்விடுவதால் சாப்பிடுவதும் ஒழுங்காகச் செரிக்காது. முன்பகுதியில் தீர்த்ததைப் பின்பகுதியில் சாப்பிட்டு ஈடுகட்ட முடியாமல் போவது இதனால்தான்.

என் கணக்கைப் பாருங்கள். முதல் 70 கிலோமீட்டரை 30-இல் ஓட்டினேன், 2 மணி 20 நிமிடம் ஆனது. என் சொந்த வேகமான 24-இல் ஓட்டியிருந்தால் 2 மணி 55 நிமிடம். ஆக, லாபம் 35 நிமிடம். மீதி 130 கிலோமீட்டரை 24-இல் ஓட்டினால் சுமார் ஐந்தரை மணி நேரம் போதும். எனக்கு அது 16-க்கு இறங்கியது, எட்டு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. 35 நிமிடத்தை வாங்க இரண்டரை மணி நேரத்துக்கு மேல் கொடுத்திருக்கிறேன். ஓட்ட முடியாமல் ஆங்காங்கே உட்கார்ந்த நேரம் தனி. 13 மணி 50 நிமிடத்தில் முடித்தேன். இருபது நிமிடத் தாமதத்தால் அந்த பிரெவே கணக்கில் வரவில்லை. முழுவதும் 24-இலேயே போயிருந்தால் ஓட்டும் நேரம் 8 மணி 20 நிமிடம்தான். சாப்பிட, ஓய்வெடுக்க, பஞ்சர் போட ஐந்து மணி நேரத்துக்கு மேல் கையில் இருந்திருக்கும்.

இதில் எனக்கு இன்னும் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. கிளம்பும் இடத்தில் யாராவது ஒரு அனுபவசாலி, "நல்ல குரூப்பா பார்த்து ஒட்டிக்கோ, சுலபமா முடிச்சிடலாம்" என்று புதியவரிடம் சொல்வார். எனக்கும் சொன்னார்கள், அந்தத் தம்பிக்கும் சொல்லியிருக்கிறார்கள். தன் எல்லை தெரிந்தவருக்கு அது நல்ல யோசனை. எப்போது விட்டு விலக வேண்டும் என்று அவருக்குத் தெரியும். முதல்முறை வருபவருக்கு விலகத் தெரியாது, தனியே விடப்படுவோமோ என்ற பயத்தில் உயிரைக் கொடுத்துத் தொங்கிக்கொண்டிருப்பார். அவரிடம் அப்படிச் சொல்வது பொறுப்பில்லாத பேச்சு. தயவுசெய்து சொல்லாதீர்கள்.

இந்தத் தவறின் வேர் பயிற்சியில் இருக்கிறது. தினமும் 40 கிலோமீட்டர் மூச்சிரைக்க ஓட்டிவிட்டு, நேற்றைவிடச் சராசரி வேகம் கூடியதா என்று ஸ்ட்ராவா செயலியில் பார்ப்பது. வாரம் முழுக்க இப்படியே ஓட்டினால் உடம்பு ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பழகும், பத்து மணி நேர ஓட்டத்துக்குப் பழகாது. நெடுந்தூரப் பயிற்சியில் பெரும்பகுதி, பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் இருக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் கடினமாக ஓட்டினால் போதும்.

நான் செய்து பலன் கண்டது இது. நீண்ட பயிற்சி நாட்களில் மீட்டரில் வேகம் தெரியாதபடி மறைத்துவிட்டு, நேரமும் இதயத் துடிப்பும் மட்டும் தெரிய வைத்தேன். போன வழியிலேயே திரும்பும் பாதையாகப் பார்த்து, பாதி தூரத்தில் நேரத்தைக் குறித்தேன். திரும்பி வர அதே நேரமோ குறைவாகவோ ஆனால் சரியான வேகம், அதிகமானால் தொடக்கத்தில் அவசரப்பட்டிருக்கிறேன். எதிர்க்காற்று, ஏற்றம் இருந்தால் கணக்கு மாறும்தான். ஆனாலும் ஏழெட்டு முறை செய்ததும் என் வேகம் எது என்று காலுக்கே தெரிந்துவிட்டது. இன்னொன்றும் பழக வேண்டும்: வேகமான கூட்டம் ஒன்று நம்மைத் தாண்டும்போது போகவிடுவது. முதல் சில தடவை மனசு கேட்காது.

அந்தத் தம்பி இப்போது இப்படித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார். முதல் வாரம் திரும்பி வர 40 நிமிடம் அதிகமாக ஆனதாம்.

பசித்தபின் சாப்பிடுவது

பசி தெரியும்போது ஏற்கெனவே தாமதம். முதல் மணி நேரத்திலிருந்தே மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தரமான ஒரு வாழைப்பழத்தில் ஏறக்குறைய 25 கிராம் இருக்கும், கணக்கு போட்டுக்கொள்ளலாம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்க வைத்து, அடிக்கும்போது இரண்டு வாய் சாப்பிடுங்கள்.

பலர் பயிற்சியில் வெறும் வயிற்றில் ஓட்டிவிட்டு நிகழ்வன்று மட்டும் வயிற்றில் திணிக்கிறார்கள், அப்புறம் குமட்டுகிறது என்கிறார்கள். காலைப் பழக்குவது போலவே குடலையும் பழக்க வேண்டும். வெயிலில் நெடுநேரம் வெறும் தண்ணீராக அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும். ஒரு பாட்டிலில் உப்புச்சத்து கலந்து வைத்துக்கொள்ளுங்கள்.

முட்டி வலியோடு சமாளிப்பது

வலி வந்தால் முதலில் சீட் உயரத்தைப் பாருங்கள். முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் பெரும்பாலும் தாழ்வாக இருக்கும், பின்பக்கம் வலித்தால் உயரமாக இருக்கும். சீட்டில் உட்கார்ந்து, கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும். அங்கிருந்து தொடங்கி ஒரு தடவைக்கு ஓரிரு மில்லிமீட்டர் மட்டும் மாற்றி, இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒரே நாளில் ஒரு விரல்கடை ஏற்றிவிட்டு 100 கிலோமீட்டர் போகாதீர்கள்.

நிறுத்தங்களில் நேரத்தை விடுவது

ஐந்து இடங்களில் தலா 25 நிமிடம் நின்றால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். அதை மிதித்துப் பிடிக்க முடியாது. பயிற்சியிலேயே நிற்கும் நேரத்தையும் குறியுங்கள்.

புதுப் பொருட்கள்

நிகழ்வன்று எதுவும் புதிதாக வேண்டாம். ஷார்ட்ஸ், ஷூ, சீட், சாப்பாடு, எதுவுமே.

முந்தைய வாரம் முழுத் தூரத்தையும் ஓட்டிப் பார்ப்பது

வேண்டாம். இரண்டு மூன்று வாரம் முன்னால் 130-இலிருந்து 150 வரை ஒருமுறை ஓட்டியிருந்தால் போதும். கடைசி வாரம் பயிற்சியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

டியூபை மட்டும் மாற்றுவது

பஞ்சர் ஆனதும் புது டியூபைப் போட்டுக் காற்றடித்து ஓடுகிறார்கள். முள்ளோ கண்ணாடித் துண்டோ டயரிலேயே இருக்கும். அரைக் கிலோமீட்டரில் இரண்டாவது டியூபும் போய்விடும். டயரின் உட்புறம் முழுவதையும் ஒரு துணியால் மெல்லத் தடவிப் பாருங்கள், சிக்கும் இடத்தில் முள் இருக்கும். வீட்டில் ஒருமுறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பழகுங்கள்.