சேலத்திலிருந்து அந்தமான்: கடலை ஏற்காடு ஏரியாக நினைத்துச் செய்யும் தவறுகள்

சேலமும் போர்ட் பிளேரும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. இரண்டுமே வடக்கே 11.6 டிகிரியை ஒட்டிய ஊர்கள். சேலத்திலிருந்து நேர் கிழக்கே கோடு இழுத்தால் வங்கக் கடலைத் தாண்டி அங்கேதான் போய் முட்டும். தீர்க்கரேகையில்தான் பதினான்கரை டிகிரி வித்தியாசம். டிகிரிக்கு 4 நிமிடம் என்று கணக்குப் போட்டால், சூரியன் அங்கே நமக்குச் சுமார் 58 நிமிடம் முன்னால் உதிக்கிறது, அதே அளவு முன்னால் மறைகிறது. கடிகாரம் மட்டும் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான்.

ஸ்நார்கெலிங்குக்காக, அதாவது மாஸ்க்கும் மூச்சுக் குழாயும் மாட்டி நீரின் மேல் மிதந்தபடி பவளமும் மீனும் பார்ப்பதற்காக, அந்தமான் போகும் பெரும்பாலானவர்களின் திட்டம் இங்கேதான் கோணலாகிறது. பொங்கல் சமயத்தில் சேலத்தில் 6:40 வாக்கில் விடியும். அங்கே 5:43. மாலை 5:15க்கெல்லாம் சூரியன் கடலுக்குள் போய்விடும். ஒன்பதரைக்கு டிபன், பத்தரைக்குக் கிளம்பல், சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குத் தண்ணீரில் இறங்கலாம் என்று போட்ட திட்டத்தில், இறங்கும்போது நம் ஊர் மூன்று மணி வெயில்தான் மிச்சமிருக்கும். சாய்ந்த வெளிச்சம் நீருக்குள் ஆழமாகப் போகாது. அதற்குள் காற்றும் கிளம்பிவிடும். பவளப்பாறை பார்க்க நல்ல நேரம் காலை 8 முதல் 12 வரை. படகில் முதல் குழுவோடு கிளம்பிவிடுங்கள். மதிய உணவைப் பன்னிரண்டரைக்குத் தள்ளினால் ஒன்றும் குடிமுழுகாது.

பெயர்க் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்ளலாம். 2018 டிசம்பரிலிருந்து ஹேவ்லாக் தீவுக்கு ஸ்வராஜ் தீவு என்றும், நீல் தீவுக்கு ஷாஹீத் தீவு என்றும் பெயர். போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். டிக்கெட்டில் எந்தப் பெயர் வந்தாலும் பதற வேண்டாம்.

மே விடுமுறை என்னும் பொறி

அக்னி நட்சத்திரத்தில் சேலத்து வெயில் தாங்காமல், மே கடைசியில் கடலுக்குப் போவோம் என்று கிளம்புகிறவர்கள் நிறைய. தென்மேற்குப் பருவமழை கேரளாவைத் தொடுவதற்குப் பத்து நாள் முன்பே, மே 20ஐ ஒட்டி அந்தமானைத் தொட்டுவிடும். அப்புறம் அலை உயரும், நீர் கலங்கும், சின்னப் படகுகளை நிறுத்திவிடுவார்கள். அரையாண்டு விடுமுறையில் கூட்டமும் கட்டணமும் கூடுதல். வங்கக் கடலில் புயல் எழும் பருவமும் அதற்குள் முழுதாக ஓய்ந்திருக்காது. கடல் எண்ணெய் மாதிரி அடங்கிக் கிடப்பது பிப்ரவரி, மார்ச்சில். பள்ளி விடுமுறையோடுதான் போக முடியும் என்றால், தேர்வு முடிந்த கையோடு ஏப்ரலில் போய்விடுங்கள். மே நடுப்பகுதியைத் தாண்ட வேண்டாம்.

மாதம் முடிவானதும் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரை எடுங்கள். கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றும். நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் உச்சத்தில் இருக்கும், நீரோட்டமும் வேகம். அரை நிலா நாள்களில் இரண்டுக்கும் வித்தியாசம் குறைந்து கடல் நிதானப்படும். அஷ்டமி, நவமி ஆகாது என்று பயணத்தைத் தள்ளிப்போடும் வீடுகளுக்கு இது கொஞ்சம் சங்கடமான செய்திதான்: ஸ்நார்கெலிங்குக்கு அஷ்டமி முதல் தசமி வரையிலான நாள்களே தோது. மாறாக, நீல் தீவில் இயற்கைப் பாலம் என்று சொல்லும் பாறை வளைவைப் பார்க்க நன்றாக வற்றிய கடல் வேண்டும். அதற்கு அமாவாசை நல்லது. அதே தீவின் பரத்பூர் கடற்கரையில் பவளம் மேலாகவே இருப்பதால், வற்றிய நேரத்தில் இறங்கினால் வயிறு பாறையில் உரசும். எந்த மணிக்கு ஏற்றம் என்பதைத் தங்குமிடத்தில் முதல் நாள் இரவே கேட்டுக்கொள்ளுங்கள்.

விமானமும் ஃபெர்ரியும்

சேலம் விமானமோ ரயிலோ, சென்னையில் இறங்கி அடுத்த விமானம் பிடிக்கும் கணக்கைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு விமானத்துக்கும் தனித்தனி டிக்கெட் எடுத்திருந்தால், முதலாவது தாமதமாகி இரண்டாவது போய்விட்டாலும் பணம் திரும்பாது. ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிவதற்கு முன்பே சென்ட்ரலில் இறங்கலாம். அங்கிருந்து விமான நிலையத்துக்கு மெட்ரோ இருக்கிறது. காலை பத்து மணிக்கு மேல் கிளம்பும் விமானத்துக்கு இது நிம்மதியான வழி. சேலத்திலிருந்து பெங்களூரு, சாலை வழியே 200 கிலோமீட்டர்தான் என்பதையும் மறக்க வேண்டாம். அங்கிருந்து போர்ட் பிளேருக்குக் கட்டணம் குறைவாகக் கிடைக்கும் நாள்கள் உண்டு.

இறங்கிய நாளே ஹேவ்லாக் ஃபெர்ரியைப் பிடிக்கலாம் என்று நெருக்கிப் போடுவது ஒரு தவறு. ஊர் திரும்பும் நாள் காலையில் ஹேவ்லாக்கிலிருந்து கிளம்பி மதியம் விமானம் ஏறலாம் என்பது அதைவிடப் பெரிய தவறு. கடல் கொந்தளித்தால் ஃபெர்ரியை ரத்து செய்துவிடுவார்கள். உங்களுக்காக விமானம் நிற்காது. கடைசி இரவு போர்ட் பிளேரில்தான் என்று எழுதி வைத்துவிட்டு மற்றதை அதைச் சுற்றி அமைக்கவும். ஐந்து இரவு இருந்தால் முதல் இரவு போர்ட் பிளேர், இரண்டு ஹேவ்லாக், ஒன்று நீல், கடைசி போர்ட் பிளேர். நான்கே இரவுதான் என்றால் நீலை விட்டுவிடுங்கள். தினம் ஒரு ஜெட்டியில் பெட்டியோடு வரிசையில் நின்றால் தீவு பார்த்த மாதிரியே இருக்காது.

போர்ட் பிளேரில் அரசுக் கப்பல் கிளம்பும் துறை வேறு, தனியார் ஃபெர்ரி கிளம்பும் துறை வேறு. டிக்கெட்டில் எந்த ஜெட்டி என்று பார்த்து ஆட்டோவில் ஏறுங்கள். ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்விட வேண்டும், அசல் அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். தீவுகளில் சிக்னல் எப்போது போகும் என்று சொல்ல முடியாது என்பதால், டிக்கெட்டை அச்செடுத்தோ ஸ்கிரீன்ஷாட்டாகவோ வைத்துக்கொள்ளுங்கள். ஏடிஎம்மை நம்பாமல் ரொக்கமும் கொஞ்சம்.

வாந்தி வருமா என்று சந்தேகமா? ஏற்காட்டுக்கு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றுகிறவருக்கு ஹேவ்லாக் ஃபெர்ரியிலும் சுற்றும் என்று எடுத்துக்கொள்ளலாம். பேருந்திலாவது ஜன்னலைத் திறக்கலாம், வேகமாகப் போகும் ஏசி ஃபெர்ரியில் அதுவும் கிடையாது. மாத்திரையை ஏறின பிறகு போட்டால் பயனில்லை. கிளம்ப ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும். எது, எவ்வளவு என்று ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள், தூக்கம் வரவைக்கும் ரகம்தான் அதிகம். படகின் நடுவில், கீழ்த்தளத்தில், அடிவானம் தெரியும் இருக்கை நல்லது. வெறும் வயிறும் ஆகாது, எண்ணெய்ப் பூரியும் ஆகாது. இரண்டு இட்லி போதும்.

மாஸ்க்: முக்கால்வாசிப் பேர் தோற்கும் இடம்

ஸ்நார்கெலிங் பிடிக்கவில்லை என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோருக்குப் பிடிக்காமல் போனது கடல் அல்ல, முகத்தில் பொருந்தாத மாஸ்க். வாடகைக் குவியலில் கையில் வந்ததை எடுக்காதீர்கள். பட்டையைத் தலைக்கு மேல் விட்டுவிட்டு மாஸ்க்கை முகத்தில் வையுங்கள். மூக்கால் லேசாகக் காற்றை உள்ளிழுத்துக் கையை எடுங்கள். விழாமல் ஒட்டி நின்றால் அது உங்கள் மாஸ்க். விழுந்தால் பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகும். சொல்லப்போனால், இறுக்க இறுக்கத்தான் ஓரம் மடிந்து அதிகம் ஒழுகும். பட்டை காதுக்கு மேலாக, பின்னந்தலை மேட்டில் உட்கார வேண்டும்.

நம்மவர்களுக்கே உரிய இரண்டு தடைகள் உண்டு. ஒன்று மீசை. மூக்குக்குக் கீழே மீசையின் மேல் விளிம்பை அரை சென்டிமீட்டர் மழித்தால், சிலிக்கான் ஓரம் தோலில் உட்கார இடம் கிடைக்கும். மீசையை முழுசாக எடுக்க வேண்டியதில்லை. இன்னொன்று தேங்காய் எண்ணெய். தலையில் வழிய வழிய வைத்துக்கொண்டு போனால் மாஸ்க் வழுக்கும், கண்ணாடி மங்கும். அன்று காலை தலைக்கு எண்ணெய் வேண்டாம். முன்நெற்றி முடி ஓர் இழைகூட ஓரத்துக்குள் மாட்டக் கூடாது.

கண்ணாடியில் ஆவி படியாமலிருக்க உள்பக்கம் எச்சில் தடவி, கடல் நீரில் ஒரு முறை அலசுங்கள். அருவருப்பாக இருந்தால் ஒரு சொட்டுக் குழந்தை ஷாம்பு. மூக்குக் கண்ணாடியை உள்ளே போட முடியாது. கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு பவர் வைத்த மாஸ்க் கிடைக்கும், 0.5 பவர் இடைவெளியில். முன்பே சொல்லி வைக்க வேண்டும். முகம் முழுவதையும் மூடும் மாஸ்க் பார்க்கச் சுலபமாக இருக்கும். வெளிவிடும் காற்று சரியாக வெளியேறாமல் உள்ளேயே சுழலும் வாய்ப்பு அதில் இருக்கிறது, அவசரத்தில் கழற்றவும் சிரமம். தவிர்ப்பது நல்லது.

மூச்சு விடுவதை வீட்டிலேயே பழகலாம். வாய் அகன்ற அண்டாவில் தண்ணீர் நிரப்பி, மாஸ்க்கும் குழாயும் மாட்டி, முகத்தை முக்கி ஐந்து நிமிடம் வாயாலேயே மூச்சு விடுங்கள். முதல் நிமிடம் நெஞ்சு படபடக்கும், மூன்றாவது நிமிடத்தில் அடங்கும். அந்தப் படபடப்பைக் கடலில் வைத்துத் தீர்ப்பதைவிடச் சமையலறையில் தீர்ப்பது மேல். மூச்சை நீளமாக, மெதுவாக விடுங்கள். குட்டை குட்டையாக விட்டால் குழாயில் நின்ற பழைய காற்றே திரும்ப உள்ளே வரும். குழாயில் நீர் புகுந்தால் பயந்து நிமிர வேண்டாம். இருக்கிற மூச்சை 'தூ' என்று ஒரே வீச்சில் ஊதினால் நீர் மேலே தெறித்துப் போய்விடும். அதனால்தான் நுரையீரலில் எப்போதும் கொஞ்சம் காற்று மிச்சம் வைக்கச் சொல்வார்கள். மாஸ்க்கில் நீர் புகுந்தால், மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, முகத்தைச் சற்று உயர்த்தி, மூக்கால் ஊதுங்கள். கீழ் ஓரம் வழியாக வெளியேறும்.

கிணற்று நீச்சல் கடலுக்குப் போதுமா

கிணற்றில் குதித்துப் பழகியவர்களுக்கு நீர்ப்பயம் இருக்காது. பாதி நன்மை அதுதான், பாதி ஆபத்தும் அதுதான். கிணற்றுத் தண்ணீர் உங்களை எங்கும் இழுத்துப் போகாது. கடலில் குனிந்து மீனைப் பார்த்துக்கொண்டே இருக்கும்போது, கரையோரத் தென்னை மரம் நூறு மீட்டர் நகர்ந்திருக்கும். இறங்கியதும் முதலில் நீரோட்டத்துக்கு எதிராகப் போங்கள். களைத்த பிறகு திரும்பும் வழி சுலபமாகும். மிதவைக் கயிற்றுக்கு வெளியே படகுகளும் ஜெட் ஸ்கீயும் பறக்கும். ஹேவ்லாக்கின் எலிஃபன்ட் பீச்சில் இதை மறந்தால் ஆபத்து. நீச்சல் தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட் போடுங்கள், இடுப்புப் பட்டையைச் சேர்த்து மாட்டுங்கள். தளர்வாகக் கிடந்தால் ஜாக்கெட் மேலே ஏறித் தாடையைத் தட்டும்.

புடவை, சுடிதார், பருத்தி டி-ஷர்ட் எல்லாம் நனைந்தால் கனக்கும், துப்பட்டா காலைச் சுற்றும். உடம்போடு ஒட்டிய முழுக்கை லைக்ரா சட்டையும் லெக்கிங்ஸும் போட்டால் முதுகும் கருகாது. குப்புறக் கிடக்கும்போது அதிகம் வேகும் இடங்கள் பிடரி, முழங்காலின் பின்பக்கம், கெண்டைக்கால். சன்ஸ்கிரீனை இறங்குவதற்கு 20 நிமிடம் முன்பு பூசுங்கள். ஆக்ஸிபென்சோன் கலந்தது பவளத்துக்கு ஆகாது, துத்தநாக ஆக்சைடு ரகம் பார்த்து வாங்கவும். தண்ணீர் 28 டிகிரிதான் என்றாலும் உடம்புச் சூட்டை விடாமல் உறிஞ்சும். குழந்தைக்கு உதடு நீலம் பாரித்தால் அழுதாலும் கரையேற்றுங்கள்.

நிற்க இடம் தேடிப் பவளத்தின் மேல் கால் வைக்காதீர்கள். அது கல் இல்லை, உயிர். 2010, 2016 கோடைகளில் கடல் சூடேறி அந்தமான் பவளம் ஏராளமாக வெளுத்துப் போனது. மிச்சத்தை நாம் மிதிக்க வேண்டாம். இடுக்கில் இருக்கும் கடல் முள்ளெலி பாதத்தில் முள்ளை முறித்துவிடும். குத்தினால் பொறுக்கும் அளவு சூடான நீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், அரை மணி நேரம் காலை வைத்தால் வலி தணியும். பிறகு மருத்துவரிடம் காட்டலாம். முதலை எச்சரிக்கைப் பலகை உள்ள கரையில் காலைக்கூட நனைக்க வேண்டாம். உவர்நீர் முதலை அந்தமானில் உண்மையாகவே இருக்கிறது.

விளம்பரப் படத்தில் பார்த்த சிவப்பு, ஆரஞ்சு எல்லாம் நேரில் தெரியாது. சிவப்பைத்தான் நீர் முதலில் உறிஞ்சும். ஐந்து மீட்டரிலேயே எல்லாம் நீலம் பூத்துவிடும். அந்தப் படங்கள் விளக்கு போட்டு எடுத்தவை. ஃபோனை உறையில் போட்டுக் கொண்டுபோகிறவர்கள், முந்தைய நாள் வெறும் உறைக்குள் டிஷ்யூ காகிதம் வைத்து வாளியில் முக்கி, ஈரம் படுகிறதா என்று பார்த்துவிடுங்கள். நீருக்குள் தொடுதிரை வேலை செய்யாது. ஒலி பட்டனால் படம் எடுக்கும்படி முன்பே அமைத்துக்கொள்ள வேண்டும்.

கரையில் கிடக்கும் காய்ந்த பவளத் துண்டை ஷோகேஸுக்கு எடுத்துவராதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். விமான நிலைய ஸ்கேனில் பிடித்துவிடுவார்கள்.

ஸ்நார்கெலிங் முடித்த உற்சாகத்தில் கடைசி நாள் சிலிண்டர் மாட்டி டைவிங்கும் போவதாக இருந்தால், விமானத்துக்கு முன் இடைவெளி வேண்டும்: ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், அதற்கு மேல் என்றால் 18. விமானத்துக்குள் காற்றழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பது போல, அதாவது ஏற்காட்டைவிட உயரத்தில் இருப்பது போல இருக்கும். உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் அப்போது குமிழாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கலாம். அதனால் டைவிங்கை ஹேவ்லாக்கின் முதல் காலையிலேயே முடித்துவிடுங்கள். மேலாக மிதந்து மீன் பார்த்தவர்களுக்கு இந்தக் காத்திருப்பு எதுவும் தேவையில்லை.