லத்தீனோ குடியிருப்பில் சுகாதார வேலையா? நோட்டீஸை அப்புறம் அடிக்கலாம்

அமெரிக்காவில் வசதி குறைந்த லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்) குடியிருப்பு ஒன்றில் மக்களின் உடல்நலத்துக்காக ஏதாவது செய்வோம் என்று நாலு பேர் கூடினால், முதல் கூட்டத்திலேயே ஒருவர் "ஸ்பானிஷில் நோட்டீஸ் அடிச்சிடலாம்" என்பார். கொஞ்சம் பொறுங்கள். இரண்டாம் வகை சர்க்கரை நோய் வாழ்நாளில் வருவதற்கான வாய்ப்பு அமெரிக்கப் பெரியவர்களுக்குப் பொதுவாக 40 சதவீதம் என்றால், லத்தீனோக்களுக்கு 50 சதவீதத்துக்கும் மேல் என்கிறது அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையமான சிடிசி. அம்மாவுக்கோ மாமாவுக்கோ அந்த நோய் இருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதைப் பற்றி நோட்டீஸ் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை. எந்த கிளினிக்குக்குப் போவது, பில் எவ்வளவு வரும், போனால் குடியுரிமைக் காகிதம் கேட்பார்களா, அன்றைய கூலி போனால் என்ன செய்வது: தடுப்பது இவைதான். இதற்கெல்லாம் பதில் தேடி வைத்துக்கொண்டு உள்ளே போங்கள்.

முதலில் ஆளைத் தேடுங்கள். 'ப்ரொமோட்டோரா' என்று அங்கே சொல்வார்கள், அதே தெருவில் குடியிருந்து, அக்கம்பக்கத்தாரின் நம்பிக்கையைப் பெற்று, கொஞ்சம் பயிற்சியும் எடுத்துக்கொண்ட சுகாதாரத் தொண்டர். பெரும்பாலும் பெண்கள். டாக்டரிடம் சொல்லாததை இவர்களிடம் சமையலறையில் உட்கார்ந்து சொல்வார்கள். இவர்களுக்குச் சம்பளம் கொடுங்கள், தயவுசெய்து. போஸ்டர், பேனர், டி-ஷர்ட்டுக்கெல்லாம் பணம் ஒதுக்கிவிட்டு, உண்மையில் வேலை செய்பவரிடம் 'சேவை' என்று சொல்லும் திட்டங்கள் ஏராளம், அவை சீக்கிரமே படுத்துவிடுகின்றன.

அடுத்தது பணம். மத்திய அரசின் நிதி பெறும் சமூக சுகாதார மையங்கள் 1965 முதல் இருக்கின்றன. பணம் கட்ட முடியவில்லை என்று அங்கே யாரையும் திருப்பி அனுப்பக்கூடாது. வருமானம் வறுமைக்கோட்டுக்கு உட்பட்டிருந்தால் பெயரளவுக் கட்டணம் அல்லது இலவசம், அதற்கு மேல், அந்தக் கோட்டின் இருமடங்கு வரை படிப்படியாகத் தள்ளுபடி. ஆனால் ரிசப்ஷனில் வருமானச் சான்று கேட்பார்கள், தோட்டத்திலோ வீட்டு வேலையிலோ ரொக்கமாகக் கூலி வாங்குபவர் அங்கேயே தயங்கி நின்று, அப்படியே திரும்பிவிடுவார். அதனால் நீங்களே முன்கூட்டி போன் செய்து, சம்பளச் சீட்டு இல்லாதவர் எதைக் காட்டலாம், முதலாளியின் கடிதம் போதுமா, தானே எழுதிக் கையெழுத்திட்டால் ஏற்பார்களா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் தடவை ப்ரொமோட்டோரா கூடவே போவது இன்னும் நல்லது.

அவசர சிகிச்சை வேறு கதை. 1986 சட்டப்படி, மெடிகேர் என்ற அரசுக் காப்பீட்டின் (முக்கியமாக முதியோருக்கானது) பணம் பெறும் மருத்துவமனையின் அவசரப் பிரிவு யாராக இருந்தாலும் பரிசோதித்து நிலைப்படுத்த வேண்டும். பில் என்னவோ பின்னாலேயே வரும். லாப நோக்கமற்ற மருத்துவமனை என்றால் நிதியுதவித் திட்டம் வைத்திருந்தே ஆக வேண்டும், முதல் பில் வந்ததிலிருந்து 240 நாள் வரை விண்ணப்பிக்கலாம். அவசரப்பட்டு கிரெடிட் கார்டில் கட்டிவிடாமல், முதலில் அந்த விண்ணப்பத்தைக் கேட்கச் சொல்லுங்கள்.

மொழி விஷயத்தில் பெரும்பாலான குழுக்கள் கோட்டை விடுகின்றன. அம்மாவின் ரத்தப்போக்கைப் பற்றிப் பத்து வயதுப் பையன் டாக்டருக்கு மொழிபெயர்த்துச் சொல்வது இன்றும் நடக்கிறது, அந்த அம்மா பாதியை விழுங்கிவிட்டுத்தான் சொல்வார். மத்திய நிதி பெறும் இடங்கள் இலவசமாகத் தகுதியான மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்ய வேண்டும், அவசரம் தவிர மற்ற நேரத்தில் குழந்தைகளை நம்பக்கூடாது என்பது விதி. அப்புறம், எல்லாருக்கும் ஸ்பானிஷ் வரும் என்றும் நினைக்காதீர்கள். கலிபோர்னியாவில் ஆக்ஸ்நார்ட், சலினாஸ் பக்கம் பண்ணைகளில் வேலை செய்யும் மெக்ஸிகோவின் ஒஹாகா மாநிலத்தவர் பலருக்கு மிஸ்டெக், சபோடெக், ட்ரிக்கி போன்றவைதான் தாய்மொழி. "வீட்டில் என்ன பேசுவீர்கள்?" என்று கேட்டுவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.

குடியுரிமை பற்றிய பயத்துக்கு நீங்கள் வாக்குறுதி கொடுக்காதீர்கள். "ஒன்றும் ஆகாது" என்று சொல்வது சுலபம், ஆனால் விதிகள் ஆட்சிக்கு ஆட்சி மாறுகின்றன. குடியேற்றச் சட்ட உதவி மையம் ஒன்றின் எண்ணைக் கையில் வைத்திருந்து அங்கே அனுப்புங்கள். நீங்கள் நடத்தும் பரிசோதனை முகாமின் பதிவேட்டில் முகவரி, பிறந்த நாடு எல்லாம் எதற்கு? பெயரும் போன் நம்பரும் போதும்.

எங்கே, எப்போது என்பதும் முக்கியம். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு முகாம் போட்டால், வயலில் இருப்பவர் எப்படி வருவார்? ஞாயிறு திருப்பலி முடிந்ததும் சர்ச் வாசலில் போடுங்கள், அல்லது சலவை நிலையத்தில், துணி சுழலும் அரை மணி நேரமும் மனிதர் சும்மாதான் உட்கார்ந்திருப்பார். மெக்ஸிகோ துணைத்தூதரகங்களில் 'வென்டனில்லா டி சலூட்' என்ற சுகாதார ஜன்னல் இருக்கிறது, பாஸ்போர்ட்டுக்குக் காத்திருப்பவர்களை அங்கேயே பிடிக்கலாம். ஒன்று மட்டும், ரத்த அழுத்தம் 170 என்று சொல்லிவிட்டு கையில் துண்டுச்சீட்டு கொடுத்து அனுப்பாதீர்கள். கிளினிக் தேதியை அந்த மேஜையிலேயே போனில் வாங்கிக் கொடுக்க முடியவில்லை என்றால், பரிசோதனையே வேண்டாம் என்பது என் கட்சி.

சாப்பாட்டில் டார்ட்டியாவை (அவர்களின் தினசரி ரொட்டி) விடச் சொல்லிப் பயனில்லை. இரண்டு குறையுங்கள், சோடாவை நிறுத்துங்கள், பீன்ஸ் நல்லது என்றால் கேட்பார்கள். கர்ப்பிணிகளுக்கு இன்னொரு விஷயம்: அமெரிக்காவில் 1998 முதல் செறிவூட்டிய கோதுமை மாவில் ஃபோலிக் அமிலம் (கருவின் மூளை, முதுகுத்தண்டு வளர்ச்சிக்கு வேண்டிய வைட்டமின்) சேர்த்தாக வேண்டும், டார்ட்டியா செய்யும் மக்காச்சோள மாவில் சேர்க்க அனுமதியே 2016 இல்தான் வந்தது, கட்டாயமும் இல்லை. கலிபோர்னியா 2026 ஜனவரியிலிருந்து கட்டாயமாக்கியிருக்கிறது. மற்ற இடங்களில் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள், குழந்தை பெறும் வயதுப் பெண்கள் எல்லாருக்கும் ஃபோலிக் அமில மாத்திரையையும் நினைவூட்டுங்கள்.

எத்தனை பேர் முகாமுக்கு வந்தார்கள் என்று எண்ணிப் போட்டோ போடுவதைவிட, எத்தனை பேர் கிளினிக்குக்கு இரண்டாம் தடவை போனார்கள் என்று எண்ணுங்கள். போகாதவர்களை ப்ரொமோட்டோரா போனில் கூப்பிட்டு ஏன் என்று கேட்கட்டும். பஸ் இல்லை என்றால் அடுத்த மாதம் காருக்குக் காசு ஒதுக்குங்கள், லீவு தரவில்லை என்றால் மாலை நேரம் திறந்திருக்கும் கிளினிக்கைத் தேடுங்கள்.