லயன் கிங் விவாதத்தில் இறங்குவது எப்படி? புது ரசிகர்களுக்கு ஒரு செய்முறை

டிஸ்னியின் லயன் கிங் படம் வந்து முப்பது வருடம் தாண்டிவிட்டது. ரசிகர்களின் சண்டை மட்டும் இன்னும் ஓயவில்லை. கோபா என்ன ஆனான்? ஸ்காருக்கு அந்தத் தழும்பு எப்படி வந்தது? டிவிடியில் முதலைகளை ஏன் மாற்றினார்கள்? இரண்டாம் பாகம் கணக்கில் வருமா, வராதா? புதிதாக வருகிறவருக்கு யார் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றே பிடிபடாது.

இந்தச் சண்டைகளில் பெரும்பாலானவை ஆளுக்கொரு பதிப்பைப் பார்த்துவிட்டு எல்லோரும் ஒரே படத்தைப் பார்த்ததாக நினைத்துக்கொள்வதால் வருகிறவை. ஆகவே வாயைத் திறக்கும் முன் எந்தப் பதிப்பு என்று பார்த்துக்கொண்டால் போதும், பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதிதான் சுவாரசியமானது.

படி 1: முதலில் 1994 படத்தை மட்டும் பாருங்கள்

ரோஜர் ஆலர்ஸ், ராப் மின்காஃப் இருவரும் இயக்கிய அனிமேஷன் படம். 88 நிமிடம். பாடல்கள் எல்டன் ஜானும் டிம் ரைஸும், பின்னணி இசை ஹான்ஸ் ஸிம்மர். சிறந்த இசைக்கும் பாடலுக்கும் ஆஸ்கர் வாங்கியது. கதையின் எலும்புக்கூடு ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்: அண்ணன் முஃபாசாவைக் கொன்று அரியணை ஏறும் சித்தப்பா ஸ்கார், ஓடிப்போய்த் திரும்பி வரும் மகன் சிம்பா, எல்லோரும் சிங்கங்கள்.

2019இல் வந்ததை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ஜான் ஃபாவ்ரூ கணினியில் உருவாக்கிய மறுஆக்கம். தமிழில் சித்தார்த் சிம்பாவுக்கும், அரவிந்த்சாமி ஸ்காருக்கும், ரோபோ சங்கர் சிம்பாவின் நண்பன் பும்பாவுக்கும், சிங்கம்புலி இன்னொரு நண்பன் டிமோனுக்கும் குரல் கொடுத்தது அந்தப் படத்துக்குத்தான். நம் ஊரில் பலருக்கு லயன் கிங் என்றால் அதுதான் நினைவுக்கு வரும். நல்ல டப்பிங்தான், மறுக்கவில்லை. ஆனால் பழைய ரசிகர்கள் முதலைகளையும் தூசியையும் பற்றிப் பேசும்போது 2019 படத்தை மனதில் வைத்துக்கொண்டு பதில் சொன்னால் ஒருவருக்கும் ஒன்றும் புரியாது.

படி 2: உங்கள் கையில் இருப்பது எந்தப் பதிப்பு?

இந்தப் படியில் அவசரம் வேண்டாம். வீட்டில் பார்ப்பதற்காக வெளிவந்த முக்கியமான பதிப்புகள் இவை.

1995 மார்ச்சில் விஎச்எஸ் நாடாவும் லேசர்டிஸ்க் என்ற பெரிய தட்டும் வந்தன. நாடா 3 கோடிக்கும் மேல் விற்றதாகச் சொல்லப்படுகிறது. அன்றைக்குப் பெட்டி டிவி என்பதால் நாடாவில் படத்தின் ஓரங்கள் வெட்டுப்பட்டிருக்கும்.

2002 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஐமேக்ஸ் திரைகளில் மறுவெளியீடு. இந்தப் படம் டிஸ்னியின் கேப்ஸ் என்ற கணினி முறையில் வண்ணம் தீட்டப்பட்டது. செல்லுலாய்ட் தாள்களில் கையால் வண்ணம் பூசும் பழைய வழக்கம் அதற்குள் போய்விட்டது. அதனால் மூலம் கணினிக் கோப்புகளாகவே இருந்தது. அதைத் திறந்து பெரிய திரைக்கு ஏற்றாற்போல மறுபடி வெளியே எடுக்க முடிந்தது. அப்படி எடுக்கும்போதே சில இடங்களைத் தொட்டுச் சரிசெய்தும் விட்டார்கள். வம்பு ஆரம்பித்தது இங்கேதான்.

2003 அக்டோபரில் இரண்டு தட்டுகள் கொண்ட பிளாட்டினம் டிவிடி. 2011 அக்டோபரில் டயமண்ட் புளூரே. 2017இல் சிக்னேச்சர் பதிப்பு. 2018 டிசம்பரில் 4கே.

சரி, உங்கள் பிரதியை எப்படிச் சோதிப்பது? மூன்று இடங்களில் நிறுத்திப் பாருங்கள்.

முதலாவது, குட்டி சிம்பா தான் ராஜாவாகப் போவதைப் பற்றிப் பாடும் பாட்டில் வரும் முதலைகள். ஐமேக்ஸ் வெளியீட்டுக்காக இவற்றை மறுபடி வரைந்தார்கள். நாடாவில் பார்த்து வளர்ந்தவர்கள் டிவிடியைப் போட்டதும், "இது நம்ம முதலை இல்லையே" என்று கூச்சல் போட்டது இதனால்தான். அவர்களின் கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த டிவிடியின் மெனுவில் "அசல் திரையரங்கப் பதிப்பு" என்று ஒரு தேர்வு இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தாலும் வருவது ஐமேக்ஸுக்காகத் திருத்திய படம்தான். படத்தைத் திருத்தியதைக்கூட மன்னித்துவிடலாம், அதற்கு அசல் என்று பெயர் வைத்ததுதான் எனக்கும் பிடிக்கவில்லை.

இரண்டாவது, காலை நேரத்தில் ஸாஸு என்ற பறவை முஃபாசாவிடம் காட்டுச் செய்திகளை ஒப்பிக்கும் காட்சி. அவர் பேசிக்கொண்டே போனால் அது திரையரங்கக் கதையோட்டம். திடீரென்று பாடத் தொடங்கினால் நீங்கள் பார்ப்பது பிளாட்டினம் டிவிடியின் சிறப்புப் பதிப்பு. அந்தப் பாட்டு 1997இல் பிராட்வே மேடை நாடகத்துக்காக எழுதப்பட்டது. பிறகு புதிதாக வரைந்து படத்துக்குள் செருகினார்கள். பாட்டில் ஸாஸுவின் குரல், படத்தில் அவருக்குக் குரல் கொடுத்த ரோவன் அட்கின்சனுடையது அல்ல, ஜெஃப் பென்னட்டுடையது. காது கூர்மையாக இருந்தால் அந்த ஒட்டு கேட்கும். மேடையில் நன்றாகவே இருக்கும் பாட்டு, படத்தில் ஓட்டத்தைக் கெடுக்கிறது. 2011 புளூரேயில் படத்துக்குள் அது இல்லை, நல்லதாய்ப் போயிற்று.

மூன்றாவது, வளர்ந்த சிம்பா பாறை விளிம்பில் தொப்பென்று படுக்கும்போது எழும்பும் தூசி. நாடாவில் அந்தத் தூசி ஒரு கணம் மூன்று ஆங்கில எழுத்துகளைப் போலத் தெரியும். அது ஆபாசச் சொல் என்று 1995இல் அமெரிக்காவில் ஒரு குழு புகார் சொன்னது. சிறப்புக் காட்சிகள் பிரிவினர் தங்கள் பிரிவின் சுருக்கப் பெயரைக் குறும்பாக வரைந்தது என்பது படக்குழு தரப்பு விளக்கம். டிவிடியில் எழுத்தே தெரியாதபடி தூசியை மாற்றிவிட்டார்கள். ஆகவே "அப்படி எதுவும் இல்லை, நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்" என்று ஒருவர் அடித்துச் சொன்னால், எதில் பார்த்தீர்கள் என்று கேளுங்கள்.

ஓடும் நேரத்தையும் ஒருமுறை பாருங்கள். பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறைக்கான டிவிடிகளில் நொடிக்கு 24 சட்டங்கள் (ஃபிரேம்கள்) கொண்ட படம் 25 சட்டமாக ஓடும். அதனால் 88 நிமிடப் படம் ஏறக்குறைய 85 நிமிடத்தில் முடிந்துவிடும். "மூன்று நிமிடத்தை வெட்டிட்டாங்க" என்று யாராவது குதித்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். எதுவும் வெட்டப்படவில்லை, படம் கொஞ்சம் வேகமாக ஓடுகிறது, அவ்வளவே.

படி 3: தொடர்ச்சிகளை வெளிவந்த வரிசையில் பாருங்கள்

1998 அக்டோபரில் இரண்டாம் பாகமான சிம்பாஸ் பிரைட். திரையரங்குக்கு வராமல் நேராக நாடாவில் வந்தது. முதல் படம் ஹாம்லெட் என்றால் இது ரோமியோ ஜூலியட்: சிம்பாவின் மகள் கியாரா, ஸ்காரின் ஆதரவாளர் கூட்டத்தில் வளர்ந்த கோவு. ஓவியம் முதல் படத்தின் தரத்துக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனாலும் தன் குட்டியைத் தாலாட்டியபடியே பழிவாங்கும் கனவைப் பாடும் கோவுவின் தாய் ஸீரா, டிஸ்னி தொடர்ச்சிப் படங்களில் கிடைத்த மிகச் சிறந்த வில்லிகளில் ஒருத்தி. அவளுக்காகவே ஒருமுறை பார்க்கலாம்.

2004 பிப்ரவரியில் லயன் கிங் 1½. சில நாடுகளில் இதையே மூன்றாம் பாகம் என்று விற்றார்கள், அதனால் ஒன்றரையும் மூன்றும் வேறு வேறு படங்கள் என்று தேடி அலைய வேண்டாம். முதல் படத்தின் கதையையே டிமோனும் பும்பாவும் தங்கள் பக்கத்திலிருந்து சொல்கிறார்கள். காலக் கணக்குப்படி இது முதல் படத்துக்குள்ளேயே நடக்கிறது என்பதால், முதலில் இதைப் பார்த்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். முதல் படம் தெரியாமல் இதன் நகைச்சுவையில் முக்கால்வாசி புரியாது.

தொலைக்காட்சியில் 2015 நவம்பரில் ஒரு படத்தோடு தொடங்கி 2019 வரை ஓடிய லயன் கார்ட், சிம்பாவின் மகன் கியோனைப் பற்றியது. குழந்தைகளுக்கான தொடர், முழுவதையும் பார்த்துத்தான் ஆக வேண்டும் என்றில்லை. ஆனால் அடுத்த படிக்கு அது தேவைப்படும்.

படி 4: எது கணக்கில் வரும் என்று முதலிலேயே பேசி முடியுங்கள்

எந்தக் கதையை அதிகாரபூர்வமானதாக எடுத்துக்கொள்வது என்பதை ரசிகர்கள் கேனன் என்பார்கள். அதை முடிவு செய்யாமல் தொடங்கும் விவாதம் விடியும் வரை ஓடும்.

கோபாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1994இல் படத்தோடு சேர்ந்து ஆறு சிறு கதைப்புத்தகங்கள் வந்தன. அவற்றில் சிம்பாவின் மகன் பெயர் கோபா. நான்கு வருடம் கழித்து வந்த தொடர்ச்சியில் அவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, இருப்பது கியாரா மட்டும். அதன் தொடக்கத்தில் பிறந்தது ஆண் குட்டி என்று நினைத்து டிமோனும் பும்பாவும் திட்டம் போட, பெண் என்று குரங்குப் பெரியவர் ரஃபிக்கி திருத்துகிறார். ஆக, முதல் படத்தின் கடைசியில் ரஃபிக்கி தூக்கிக் காட்டும் குட்டி கோபாவா, கியாராவா? இந்த இடைவெளியை நிரப்ப ரசிகர்களே ஒரு கதை கட்டினார்கள்: ஸீரா கோபாவைக் கொன்றாள், அதனால்தான் சிம்பா அவள் கூட்டத்தை விரட்டினான், அதனால்தான் மகளைப் பொத்திப் பொத்தி வளர்க்கிறான். அபாரமாகப் பொருந்துகிற கதை. ஆனால் எந்தப் படத்திலும் இல்லை. பொருந்துவதாலேயே உண்மை என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். பாதிக்கப்பட்ட தந்தையாக சிம்பாவைப் பார்ப்பது, வெறும் பிடிவாதக்காரனாகப் பார்ப்பதைவிட அவர்களுக்குச் சுலபமாக இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஸ்காரின் தழும்பு இன்னும் வேடிக்கை. அந்த ஆறு புத்தகங்களில் ஒன்றின்படி அவனுடைய இயற்பெயர் டாகா, தழும்பு ஒரு காட்டெருமையால் வந்தது. லயன் கார்ட் தொடரின்படி நாகப்பாம்பு கொத்தியது. 2024இல் வந்த முஃபாசா படத்தின்படி எதிரிச் சிங்கமான கிரோஸின் அடியிலிருந்து முஃபாசாவைக் காப்பாற்றும்போது பட்டது. டாகா என்ற பெயரை மட்டும் அந்தப் படம் வைத்துக்கொண்டது. மூன்று விடைகளையும் தந்தது ஒரே நிறுவனம்தான். எனவே ஒரு விடையைச் சரியென்று நிரூபிக்கப் பார்க்காதீர்கள். "எந்தத் தொடர்ச்சியின்படி?" என்று கேளுங்கள்.

கோவுவைப் பற்றி இவ்வளவு குழப்பம் தேவையில்லை. ஸ்கார் தன் தந்தை இல்லை என்று படத்தில் அவனே சொல்லிவிடுகிறான். சிம்பாவின் துணை நாலாவின் தந்தை யார் என்ற கேள்விக்கு முதல் படத்தில் பதில் இல்லை. கூட்டத்தில் முழுதாக வளர்ந்துவிட்ட ஆண் சிங்கங்களாகக் காட்டப்படுவது முஃபாசாவும் ஸ்காரும் மட்டுமே என்பதால் ரசிகர்கள் கணக்குப் போட்டுக் கலங்குவார்கள். குடும்பத்தோடு பேசும்போது இந்தத் தலைப்பைத் தவிர்த்துவிடுங்கள்.

படி 5: வாங்குவதானால்

சும்மா பார்க்க மட்டும் என்றால் ஸ்ட்ரீமிங்கில் இருப்பதே போதும். தட்டு வேண்டுமென்றால் மண்டலக் குறியீட்டைப் பாருங்கள். டிவிடியில் அமெரிக்கா 1, இந்தியா 5. புளூரேயில் அமெரிக்கா ஏ, இந்தியா சி. 4கே தட்டுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அமெரிக்காவிலிருந்து உறவினர் பாசமாக வாங்கி வரும் பழைய டிவிடி நம் வீட்டு பிளேயரில் ஓடாமல் போவது இதனால்தான்.

படத்தின் தரம் முக்கியம் என்றால் 4கே அல்லது 2011 புளூரே. காலைப் பாட்டை ஒருமுறையாவது படத்துக்குள் பார்க்க வேண்டுமென்றால் 2003 டிவிடி. 1994 முதலைகள்தான் வேண்டும் என்றால் பழைய நாடாவையோ லேசர்டிஸ்க்கையோ தேட வேண்டும். அதை ஓட்டும் கருவியையும் சேர்த்துத் தேடுங்கள்.

படி 6: கிம்பா பேச்சு வந்தால்

வரும், நிச்சயம் வரும். ஒசாமு தெஸுகாவின் கிம்பா என்ற வெள்ளைச் சிங்கத்தின் கதை 1950இல் மாங்காவாக, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையாகத் தொடங்கி 1965இல் ஜப்பானில் தொலைக்காட்சித் தொடரானது. லயன் கிங் அதைக் காப்பியடித்தது என்பது பழைய குற்றச்சாட்டு. தனக்கு அந்தத் தொடர் தெரியாது என்றார் ஆலர்ஸ். தெஸுகாவின் நிறுவனம் வழக்கு எதுவும் போடவில்லை. இதில் கருத்துச் சொல்லும் முன் கிம்பாவின் சில அத்தியாயங்களையாவது பார்த்துவிடுங்கள். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுற்றும் ஒப்பீட்டுப் படங்களில், லயன் கிங்குக்குப் பிறகு 1997இல் வந்த கிம்பா திரைப்படத்தின் காட்சிகளும் கலந்திருக்கும். அந்தக் காட்சி எந்த வருடத்துப் படத்திலிருந்து எடுத்தது என்று கேட்ட பிறகு மீதியைப் பேசுங்கள்.