எஸ்எஸ்ஹெச் சர்வரில் பலவீனமான மேக் அல்காரிதங்களை நீக்குவது எப்படி

தொலைவிலுள்ள சர்வரில் பாதுகாப்பாக நுழைய உதவும் நெறிமுறை எஸ்எஸ்ஹெச். அதில் ஒவ்வொரு பாக்கெட்டும் வழியில் திருத்தப்படாமல் வந்ததா என்று சரிபார்க்கும் குறியீடுதான் மேக். பாதுகாப்பு ஸ்கேன் அறிக்கையில் 'வீக் மேக் அல்காரிதம்ஸ்' என்று வந்ததும் பலர் வலுவான எஸ்ஹெச்ஏ2 வகை மேக் பெயர்களைச் சர்வர் பட்டியலின் தலைப்பில் கொண்டுபோய் வைப்பார்கள். அதில் பயனில்லை. எஸ்எஸ்ஹெச் நெறிமுறையில் கிளையன்ட் அனுப்பும் பட்டியலைத்தான் மேலிருந்து பார்ப்பார்கள். அதில் சர்வரிடமும் இருக்கும் முதல் பெயர் தேர்வாகிவிடும். சர்வர் தன் பட்டியலை எப்படி அடுக்கினாலும் ஒன்றுதான், ஆகவே பலவீனமானவற்றை நீக்கியே ஆகவேண்டும்.

ஒவ்வொரு பாக்கெட்டும் வழியில் திருத்தப்படாமல் வந்ததா என்று சரிபார்க்கும் குறியீடுதான் மேக். பலவீனமான எம்டி5 வகை மேக், எஸ்எஸ்ஹெச் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சின் புதிய பதிப்புகளின் இயல்புப் பட்டியலிலேயே இல்லை. நாம் எடுக்கவேண்டியவை இரண்டு: ஹெச்மேக்-எஸ்ஹெச்ஏ1, யூமேக்-64. முதலாவது 2006இல் வந்த எஸ்எஸ்ஹெச் தர ஆவணமான ஆர்எஃப்சி 4253இல் கட்டாயமாக்கப்பட்டதால்தான் இவ்வளவு காலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2017இல் எஸ்ஹெச்ஏ1க்கு மோதல் (இரு வேறு தரவுக்கு ஒரே குறியீடு வருவது) காட்டப்பட்டாலும் அது ஹெச்மேக் பயன்பாட்டை நேரடியாக உடைக்காது. எனவே நள்ளிரவில் பதறிச் செய்யவேண்டாம், பகலில் நிதானமாகச் செய்யுங்கள். யூமேக்-64இன் குறை அதன் குறியீட்டு நீளம், வெறும் 64 பிட்.

பெயரில் 'ஈடிஎம்' உள்ளவற்றையே விரும்பித் தேர்ந்தெடுங்கள். பழைய முறை மறைகுறியாக்கத்துக்கு முந்தைய தரவுக்கு மேக் கணக்கிடும். ஈடிஎம், மறைகுறியாக்கிய பின் கணக்கிடும், அதனால் பெறுபவர் பாக்கெட்டைத் திறக்கும் முன்பே போலியைத் தள்ளிவிடலாம். ஒரே எச்சரிக்கை: 2023 டிசம்பரில் வெளியான டெர்ராபின் தாக்குதல் சிபிசி வகை சைஃபரும் (மறைகுறியாக்க முறை) ஈடிஎம்மும் சேரும் இடத்தையும் குறிவைக்கிறது. சிபிசி சைஃபர்களை அணைத்துவையுங்கள். ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 9.6 அல்லது திருத்தம் சேர்த்த பதிப்பு இருபக்கமும் இருக்கட்டும்.

முதலில் சர்வரில் ஒரு எஸ்எஸ்ஹெச் அமர்வைத் திறந்து, வேலை முடியும்வரை மூடாமல் வையுங்கள். ரீலோட் செய்தாலும் நடக்கும் அமர்வு அறுபடாது, அதுதான் உங்கள் உயிர்க்கயிறு. அடுத்து 'எஸ்எஸ்ஹெச் -க்யூ மேக்' கட்டளை உங்கள் பதிப்பில் இருக்கும் பெயர்களைக் காட்டும். கீழே உச்சரிப்பில் தந்திருக்கும் பெயர்களை அந்தப் பட்டியலில் உள்ள எழுத்திலேயே நகலெடுங்கள்.

ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 8.2க்குப் பிந்தைய டெபியன், உபுண்டு சர்வர்களில் முதன்மை அமைப்புக் கோப்பைத் தொடவேண்டாம். 'எஸ்எஸ்ஹெச்டி_கான்ஃபிக்.டி' அடைவில் 10இல் தொடங்கும் பெயருடன், '.கான்ஃப்' என்று முடியும் ஒரு கோப்பு உருவாக்கி இந்த ஒரே வரியை எழுதுங்கள்:

மேக்ஸ் -ஹெச்மேக்-எஸ்ஹெச்ஏ1*,யூமேக்-64*

முதல் கழித்தல் குறி 'இயல்புப் பட்டியலிலிருந்து நீக்கு' என்று பொருள்படும், நட்சத்திரம் ஈடிஎம் வடிவத்தையும் சேர்த்து நீக்கும். காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விடக்கூடாது. முழுப் பட்டியலையே எழுதுவதைவிட இது மேல். நாளை புதிய வலுவான அல்காரிதம் வந்தால் தானாகவே சேர்ந்துகொள்ளும்.

ரெட் ஹேட் 9இல் 50இல் தொடங்கும் கோப்பு கிரிப்டோ பாலிசியை (கணினி முழுவதற்குமான மறைகுறியாக்கக் கொள்கை) இழுத்துவரும். முதலில் படித்த மதிப்பே நிலைக்கும் என்பதால் உங்கள் கோப்பின் எண் 50க்குக் கீழே இருக்கவேண்டும். அந்தக் கொள்கை சொல்லும் பட்டியலை உங்கள் வரி மறைத்துவிடும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

பழைய சர்வர்களில் முதன்மைக் கோப்பின் கடைசியில் வரியை ஒட்டிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. கடைசியில் குறிப்பிட்ட பயனருக்கோ முகவரிக்கோ மட்டும் பொருந்தும் 'மேட்ச்' பகுதி இருந்தால் உங்கள் வரி அதற்குள் போய்விடும். எந்த மேக்கைப் பயன்படுத்துவது என்ற பேரம், பயனர் யாரென்று தெரியும் முன்பே முடிந்துவிடுவதால் அங்கே அது அனுமதியில்லை, சர்வர் கோப்பை ஏற்காது. வரியை 'மேட்ச்' பகுதிகளுக்கு மேலே வையுங்கள்.

ரீலோட் செய்யும் முன் 'எஸ்எஸ்ஹெச்டி' கட்டளையை கழித்தல் குறியோடு 'டெஸ்ட்' என்பதன் ஆங்கில முதல் எழுத்தைச் சிறிய எழுத்தாகக் கொடுத்து இயக்குங்கள். எழுத்துப்பிழை இருந்தால் வரி எண்ணோடு சொல்லும், பிழையில்லையென்றால் எதுவும் சொல்லாது. அதே எழுத்தைப் பெரியதாகக் கொடுத்தால் நடைமுறைக்கு வரப்போகும் மதிப்புகள் வரும், அதில் மேக் வரியைத் தேடிப் பாருங்கள். பிறகு ரீலோட். சர்வீஸ் பெயர் டெபியன், உபுண்டுவில் 'எஸ்எஸ்ஹெச்', ரெட் ஹேட்டில் 'எஸ்எஸ்ஹெச்டி'.

சோதிக்கும்போதுதான் பலர் குழம்புகிறார்கள். கிளையன்ட்டில் மேக்ஸ் விருப்பத்துக்கு எஸ்ஹெச்ஏ1 மட்டும் கொடுத்தும் இணைப்பு கிடைத்துவிடும்! மாற்றம் தோற்றதாக நினைத்துவிடாதீர்கள். சாச்சா20, ஜிசிஎம் சைஃபர்கள் சரிபார்ப்பைத் தங்களுக்குள்ளேயே வைத்திருப்பதால் மேக் பேரமே நடப்பதில்லை. '-வி' கொடுத்துப் பார்த்தால் மேக் இருக்கவேண்டிய இடத்தில் 'இம்ப்ளிசிட்' என்றிருக்கும். ஆகவே சைஃபர்ஸ் விருப்பத்துக்கு ஏஇஎஸ்256-சிடிஆர் என்றும் சேர்த்துக் கொடுத்து முயலுங்கள். இப்போது 'நோ மேட்சிங் மேக் ஃபவுண்ட்' என்று மறுக்கவேண்டும். அடுத்து எஸ்ஹெச்ஏ2-256 கொடுத்தால் உள்ளே விடவேண்டும். இரண்டும் நடந்தால்தான் சரி.

அறுபடக்கூடியவை பழைய பேக்கப் கருவிகளும் பழைய ஜாவா நூலகங்களும்தான். சர்வர் லாகில் அதே மறுப்புச் செய்தி அவற்றின் ஐபி முகவரியோடும், அவை முன்வைத்த பட்டியலோடும் பதிவாகும். ஒரு வாரமாவது அதைப் பார்த்துவாருங்கள், மாதம் ஒருமுறை ஓடும் வேலைகளுக்கு அதற்கும் மேலே. கிளையன்ட்டைப் புதுப்பிப்பதுதான் தீர்வு, சர்வரைத் தளர்த்தாதீர்கள்.

எதிர்ப்பக்கம் பழைய நெட்வொர்க் ஸ்விட்ச் இருந்து, அது எஸ்ஹெச்ஏ1 தவிர வேறெதுவும் பேசாது, உங்கள் கிளையன்ட்டிலும் அதை நீக்கியிருக்கிறீர்கள் என்றால், கிளையன்ட் கான்ஃபிக்கில் அந்த ஸ்விட்ச்சின் 'ஹோஸ்ட்' பகுதிக்குள் மட்டும் 'மேக்ஸ் +ஹெச்மேக்-எஸ்ஹெச்ஏ1' என்று எழுதுங்கள். பொதுவான பகுதியில் அது வரவே கூடாது.