மலைச் சைக்கிள் வாங்கப் போகிறீர்களா? டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள்

நான் சைக்கிள் ஓட்டுவது கோத்தகிரிப் பக்கம், தேயிலைத் தோட்டத்து மண் பாதைகளில். நீண்ட ஏற்றம், குட்டி இறக்கம், நடுவில் ஐப்பசி மழை அரித்துவிட்ட பள்ளங்கள். இந்தப் பாதைக்கு முதலில் 160 மி.மீ. டிராவல் (சஸ்பென்ஷனில் சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய தூரம்) உள்ள வண்டியை வாங்கினேன். ஏறும்போது மிதிக்கு மிதி பின்பக்கம் அமுங்கி எழுந்தது, முன்சக்கரம் அலைபாய்ந்தது. இறங்கும்போதோ டிராவலில் பாதிகூடத் தேவைப்படவில்லை. மறுவருடம் 130 மி.மீ. வண்டிக்கு மாறினேன். அதே ஏற்றம் இப்போது சுகமாக இருக்கிறது.

டிராவல் எவ்வளவு வேண்டும் என்பது பாதையைப் பொறுத்தது. மண் சாலை, ஒற்றையடிப் பாதை என்றால் 100 முதல் 120 போதும். வேரும் கல்லும் கலந்து வந்தால் 130, 140. பாறையில் குதித்து இறங்குகிறவர்களுக்குத்தான் 160க்கு மேல். முதல் வண்டி, பட்ஜெட்டும் குறைவு என்றால் முன்னும் பின்னும் அமுங்கும் மலிவான முழு சஸ்பென்ஷனைத் தேடாதீர்கள். முன்னால் மட்டும் அமுங்கும் நல்ல ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை) உள்ள ஹார்ட்டெயில் எவ்வளவோ மேல்.

டிராவலைவிட நான் அதிகம் பார்ப்பது ஃபிரேமின் கோணங்களை. ஹெட் ஆங்கிள், அதாவது தரையோடு ஃபோர்க் சாய்ந்திருக்கும் கோணம், 64 டிகிரி என்றால் செங்குத்தான இறக்கத்தில் வண்டி நிதானமாக நிற்கும்; மெதுவாக ஏறும்போது ஹேண்டில் இப்படியும் அப்படியும் விழும். 68 என்றால் சட்டென்று திரும்பும், இறக்கத்தில் படபடக்கும். என் பாதைக்கு 66 சரியாக இருக்கிறது. பழைய ஃபிரேமில் 20 மி.மீ. நீளமான ஃபோர்க் மாட்டினால் இந்தக் கோணம் ஏறக்குறைய 1 டிகிரி குறையும், பெடலும் சற்று உயரும். இதை யோசிக்காமல் ஃபோர்க்கை மாற்றாதீர்கள்.

ஏற்றம் அதிகமுள்ள ஊர்க்காரர்கள் சீட் ஆங்கிளை, அதாவது தரையோடு சீட் குழாய் சாய்ந்திருக்கும் கோணத்தை, கட்டாயம் கேளுங்கள். 76 டிகிரி இருந்தால் இடுப்பு பெடலுக்கு மேலேயே நிற்கும். 73 என்றால் உடம்பு பின்னால் போய்விடும், முன்சக்கரம் தூக்கும்.

அப்புறம் ரீச், அதாவது பெடல் கைகள் சுழலும் நடு அச்சுக்கும் ஹேண்டில் குழாய்க்கும் இடையே படுக்கைவாட்டில் உள்ள தூரம். எஸ், எம், எல் என்ற எழுத்தை நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் எம் இன்னொன்றில் எல். கடையிலேயே அளந்துவிடலாம். சமதளத்தில் பின்சக்கரத்தைச் சுவரில் முட்டவைத்து வண்டியை நேராக நிறுத்துங்கள். பெடல் கைகள் சுழலும் நடு அச்சின் மையம் சுவரிலிருந்து எவ்வளவு தூரம் என்று படுக்கைவாட்டில் அளந்துகொள்ளுங்கள். ஹேண்டிலைத் தாங்கும் குழாயான ஹெட் ட்யூபின் மேல் விளிம்பு மையத்துக்கும் அதேபோல். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் ரீச் கிடைக்கும். என் உயரம் 172 செ.மீ.; 440 முதல் 455 மி.மீ. வரை எனக்குப் பொருந்துகிறது. எழுந்து நின்று ஓட்டும்போது முழங்கால் ஹேண்டிலில் இடித்தால் வண்டி சிறியது.

ஓட்டிப் பார்க்கும் முன், உங்கள் எடைக்கு ஃபோர்க் எவ்வளவு அமுங்குகிறது என்று பார்க்க, ஃபோர்க் தண்டில் உள்ள ரப்பர் வளையத்தைக் கீழே தள்ளிவிடுங்கள். ஹெல்மெட், பை எல்லாம் மாட்டிக்கொண்டு மெதுவாக ஏறி, ஓட்டும் நிலையில் பெடலில் நின்று, குதிக்காமல் இறங்குங்கள். 130 ஃபோர்க்கில் வளையம் 26 மி.மீ. அளவில் நின்றிருக்க வேண்டும். அதற்கு மேல் போயிருந்தால் ஃபோர்க்கில் காற்றுப் போதவில்லை, ஃபோர்க்குக்கான பம்ப் வாங்கி அடித்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் ஃபோர்க் என்றால் இந்த வசதி இல்லை. உங்கள் எடைக்கு அது அமுங்காவிட்டால் வேறு வண்டி பாருங்கள்.