ஊட்டியில் வீட்டு அனோடைசிங்: கடைசியில் குக்கர்தான் கைகொடுக்கும்

அலுமினியம் கெடவே கெடாது என்று யாராவது சொன்னால், ஆடி மழை முழுக்க வெளியில் நின்ற ஸ்கூட்டரைக் காட்டுங்கள். ஸ்டீல் போல்ட் மாட்டிய இடத்தைச் சுற்றி உப்புப் பூத்த மாதிரி வெள்ளைப் பொடி இருக்கும். அலுமினியத்துக்கு இயல்பாகவே ஓர் ஆக்சைடு தோல் உண்டு, ஆனால் அதன் தடிமன் சில நானோமீட்டர்தான். மின்சாரம் செலுத்தி அதை 15, 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது ஆயிரம் நானோமீட்டர்) வரை வளர்ப்பதுதான் அனோடைசிங். குருந்தக் கல்லும் இதே அலுமினிய ஆக்சைடுதான் என்பதால் தேய்மானமும் குறையும்.

பழகுவதற்கு ஜன்னல் செக்‌ஷனில் வெட்டிய துண்டு போதும், அது பெரும்பாலும் 6063 என்ற அலுமினியக் கலவை ரகம். வார்ப்பில் செய்த எஞ்சின் கவர் வேண்டாம். அதில் சிலிக்கான் அதிகம், திட்டுத்திட்டாகச் சாம்பல் நிறம்தான் வரும்.

முதலில் சுத்தம். உப்புத்தாள் போட்டு, சோப்பில் கழுவி, லிட்டருக்கு 50 கிராம் காஸ்டிக் சோடா கரைத்த பிளாஸ்டிக் வாளியில் ஒரு நிமிடம் முக்குங்கள். பொங்கி வருவது ஹைட்ரஜன். ஜன்னலைத் திறந்து வையுங்கள், கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். எடுத்ததும் கரும்படிவு இருந்தால் துணியால் துடைத்துவிடலாம். தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, ஒரே படலமாக வழிந்தால் சரி. அதற்கப்புறம் வெறுங்கையால் தொடக்கூடாது.

தொட்டிக்கு ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டர், ஒரு லிட்டர் பேட்டரி ஆசிட். தண்ணீரில்தான் ஆசிடை ஊற்ற வேண்டும், மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். துண்டை அலுமினியக் கம்பியால் இறுக்கிக் கட்டி, கரண்டைக் கூட்டிக் குறைக்கக்கூடிய டி.சி. பவர் சப்ளையின் பிளஸ்ஸில் மாட்டுங்கள். செம்புக் கம்பி ஆசிடில் கரைந்துவிடும். மைனஸில் ஈயத்தகடு.

கரண்ட் கணக்கு எளிது: 100 சதுர செ.மீ.க்கு 1.5 ஆம்பியர். 10 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம் உள்ள தகட்டின் இரண்டு பக்கமும் சேர்த்தால் சரியாக 100 வரும். கரண்டை 1.5-இல் நிறுத்தி 45 நிமிடம் விட்டால் ஏறக்குறைய 20 மைக்ரான் வளரும். வோல்ட்டேஜ் 12 முதல் 18-க்குள் எங்காவது நிற்கும். நடுவில் கரண்ட் தானாகச் சரிந்தால் கம்பிக்கட்டு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

இங்கே நம் ஊர்க் குளிர் ஒரு வரம். தொட்டி 20 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். சூடு ஏறினால் படலம் மெத்தென்று ஆகி, நகத்தில் சுரண்டினாலே பொடியாக வரும். கோயம்புத்தூரில் ஐஸ் கட்டி தேடுவார்கள். நாம் காலை 15 டிகிரியில் தொடங்கினால், முடியும்போதுதான் 22, 23-ஐத் தொடும்.

எடுத்துக் கழுவி, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் முக்கி, மறுபடி கழுவுங்கள். மல்டிமீட்டர் முனைகளை லேசாக வைத்துப் பாருங்கள், கரண்ட் பாயாது. ஆனால் வேலை முடியவில்லை. படலம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள். கொதிநீரில் போட்டால் ஆக்சைடு தண்ணீரை உறிஞ்சி உப்பி அந்தத் துளைகளை அடைக்கும். இதற்கு சீலிங் என்று பெயர்.

நான் சறுக்கியது இங்கேதான். சீலிங் நீர் 96 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு விறகு வைத்தாலும் அதற்கு மேல் ஏறாது. பருப்பு வேகாத அதே கதைதான். சட்டியில் தளதளவென்று கொதிக்கிறதே என்று நம்பி நான் எடுத்த முதல் துண்டில், அடுத்த மழைக்கே வெள்ளைப் புள்ளி விழுந்தது.

பருப்புக்குச் செய்வதையே இதற்கும் செய்யுங்கள். குக்கரில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, துண்டு தண்ணீரில் படாதபடி ஸ்டாண்டில் வைத்து, வெயிட் போட்டு, சிறு தீயில் ஆவியில் விடுங்கள். மைக்ரானுக்கு இரண்டு மூன்று நிமிடம் என்று கணக்கு வைத்தால், 20 மைக்ரானுக்கு முக்கால் மணி நேரம் முதல் ஒரு மணி வரை. தண்ணீர் வற்றாத அளவுக்கு முதலிலேயே ஊற்றிவிடுங்கள். அந்தக் குக்கர் இனி சமையலுக்கு ஆகாது. பழைய குக்கரைத்தான் எடுத்தேன் என்று எங்கள் வீட்டில் இன்னும் யாரும் நம்பவில்லை.

ஆறியதும் ஒரு சொட்டு பேனா மை விட்டு, ஐந்து நிமிடம் கழித்துச் சோப்புத் தண்ணீரில் துடையுங்கள். கறை நின்றால் மறுபடி குக்கர். சுத்தமாகப் போய்விட்டால் வண்டியில் மாட்டிவிடலாம், ஸ்டீல் போல்ட்டுக்கு அடியில் ஒரு நைலான் வாஷர் வைத்து.