சென்னையில் வீடு வாடகைக்குக் கேட்கப் போகும் முன் தயார்செய்ய வேண்டியவை

சென்னையில் வாடகைக்கு வீடு தேடுபவரிடம் பெரும்பாலும் யாரும் விண்ணப்பம் எழுதிக் கேட்பதில்லை. டு-லெட் பலகையில் இருக்கும் எண்ணுக்கு அழைக்கிறோம், மாடிப்படி ஏறி வீட்டைப் பார்க்கிறோம், வீட்டுக்காரர் கூடத்தில் உட்காரவைத்து நான்கைந்து கேள்விகள் கேட்கிறார், பிறகு "கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம்" என்று அனுப்பிவைக்கிறார். அந்தக் கால்மணி நேரப் பேச்சுதான் இந்த ஊரில் விண்ணப்பம். அதற்கு எந்தத் தயாரிப்பும் இல்லாமல் போய்விட்டு, நல்ல வீடு கைநழுவிப் போனதென்று வருந்துபவர்கள் ஏராளம்.

நானும் அப்படி ஒரு வீட்டை இழந்தவன். நங்கநல்லூரில், காற்றோட்டமான முதல் மாடி; வாடகையும் எங்கள் கைக்கு எட்டும் அளவில் இருந்தது. சனிக்கிழமை மாலை பார்த்துவிட்டு, சம்பளச் சீட்டையும் மற்றவற்றையும் திங்கட்கிழமை கொண்டுவருவதாகச் சொல்லி வந்தேன். ஞாயிறு காலையில் வந்த வேறொரு குடும்பம் எல்லாத் தாள்களையும் ஒரே உறையில் கொடுத்து, அப்போதே முன்பணத்தில் ஒரு பகுதியையும் செலுத்திவிட்டது. வீட்டுக்காரர் மேல் தவறில்லை. அன்று இரவே நானும் ஓர் உறையைத் தயார்செய்தேன். இரண்டு வாரம் கழித்து ஆதம்பாக்கத்தில் எங்களுக்கு வீடு கிடைத்ததற்கு அந்த உறையே காரணம்.

உறையில் என்ன இருக்க வேண்டும் என்பதற்கு முன், எதிரே உட்கார்ந்திருப்பவரின் மனத்தில் என்ன ஓடுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வாடகை தவறாமல் வருமா, வீட்டைப் பொறுப்பாக வைத்துக்கொள்வார்களா, கேட்கும்போது காலிசெய்வார்களா என்ற மூன்று கேள்விகளே அவர் கேட்கும் மற்ற எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கின்றன. மூன்றாவது கேள்வியின் வேர் ஆழமானது. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்பில் இருந்த காலத்தில், குடியிருப்பவரை வெளியேற்றும் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டு போனதைக் கண்ணால் கண்டவர்கள் இன்றும் வீட்டு உரிமையாளர்களாக இருக்கிறார்கள். அதற்கு மாற்றாக இயற்றப்பட்ட 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது என்றாலும், பழைய அச்சம் மறையவில்லை. ஆகவே, இந்த மூன்று கேள்விகளுக்கும் அவர் கேட்பதற்கு முன்பே சான்றோடு பதில் சொல்வதுதான் நாம் செய்ய வேண்டிய தயாரிப்பு.

வருமானச் சான்றிலிருந்து தொடங்கலாம். மாதச் சம்பளக்காரர்கள் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டையும், சம்பளம் வரவான வரிகள் தெரியும்படி ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கையையும் வைத்தால் போதும். மற்றச் செலவு விவரங்களை மறைத்துவிடலாம், அவை வீட்டுக்காரருக்குத் தேவையில்லை. புதிதாக வேலையில் சேர்ந்தவர்கள் பணி நியமனக் கடிதத்தை வைக்கலாம். கடை நடத்துபவர்களும் சொந்தத் தொழில் செய்பவர்களும் கடந்த இரண்டு ஆண்டு வருமான வரித் தாக்கலின் ஒப்புகைச் சீட்டை வைப்பது நல்லது. வாடகையும் பராமரிப்புக் கட்டணமும் சேர்ந்து கைக்கு வரும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுமானால் அந்த வீட்டைக் கேட்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. தாண்டித்தான் ஆக வேண்டுமென்றால், வேலைக்குப் போகும் துணைவரின் வருமானச் சான்றையும் சேர்த்துக் கொடுங்கள்.

அடையாளச் சான்றுக்கு ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுத்துவிட்டு வருவது இந்த ஊரில் பழக்கமாகிவிட்டது. அப்படிச் செய்யாதீர்கள். கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை, ஆதார் வழங்கும் ஆணையத்தின் இணையதளத்திலேயே பதிவிறக்கிக்கொள்ளலாம். வீடு பார்க்கும் கட்டத்தில் அதுவே போதும். முழு விவரத்தை ஒப்பந்தம் எழுதும்போது கொடுத்தால் போதுமானது. எந்த நகலைக் கொடுத்தாலும் அதன் குறுக்கே "வாடகை வீட்டிற்காக மட்டும்" என்று எழுதி, தேதியிட்டுக் கையொப்பமிட்டுக் கொடுங்கள். இது உங்களைப் பாதுகாப்பதோடு, நீங்கள் கவனமான மனிதர் என்பதையும் எதிரே இருப்பவருக்குக் காட்டும்.

உறையில் இருக்கும் தாள்களிலேயே வலிமையானது, முன்பு குடியிருந்த வீட்டின் உரிமையாளர் கொடுக்கும் கடிதம். இதைக் கேட்டு வாங்குபவர்கள் மிகக் குறைவு. அதனாலேயே இதற்கு மதிப்பு அதிகம். ஆதம்பாக்கத்தில் வீட்டுக்கார அம்மா என் சம்பளச் சீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேசைமேல் வைத்துவிட்டார். கோடுபோட்ட நோட்டுத் தாளில் என் பழைய வீட்டுக்காரர் நீல மையில் எழுதியிருந்த நான்கு வரிகளைத்தான் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "மூன்று ஆண்டுகள் இருந்தார்கள், வாடகை ஒருமுறைகூடத் தவறவில்லை, தண்ணீர் மோட்டாரைத் தங்கள் பொறுப்பில் பார்த்துக்கொண்டார்கள், சொன்ன தேதியில் காலிசெய்கிறார்கள்" என்பதுதான் அதில் இருந்தது. "மோட்டார் போடத் தெரியுமாப்பா?" என்று கேட்டார், பேச்சு அங்கிருந்து வீட்டு உரிமையாளரும் குடித்தனக்காரரும் பேசும் பேச்சாகவே மாறிவிட்டது. கடிதத்தில் எழுதியவரின் ஒப்புதலோடு அவருடைய தொலைபேசி எண்ணும் இருக்கட்டும். கடிதம் கிடைக்காத நிலையில், வாடகை செலுத்தியதற்கான ஓராண்டு வங்கிப் பதிவுகளை வைக்கலாம். முதல் முறையாக ஊரிலிருந்து வருபவர்கள் அலுவலக மேலாளரிடமோ, சென்னையில் சொந்த வீட்டில் வசிக்கும் உறவினரிடமோ பரிந்துரைக் கடிதம் பெறலாம்.

இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு பக்கக் கடிதம் வேண்டும். அது இப்படி இருக்கலாம்: "மதிப்பிற்குரிய ஐயா, அம்மா அவர்களுக்கு வணக்கம். தங்கள் முதல் மாடி வீட்டை ஞாயிற்றுக்கிழமை பார்த்தோம், எங்களுக்குப் பிடித்திருக்கிறது. நான், என் மனைவி, இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள், ஆண்டில் சில மாதங்கள் எங்களோடு தங்கும் என் தாயார் என நான்கு பேர் குடியிருப்போம். நான் பெருங்குடியில் ஆறு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். வாடகையை ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் வங்கி வழியாகச் செலுத்துவேன். எங்களிடம் ஒரு ஸ்கூட்டர் உள்ளது, கார் இல்லை. குறைந்தது இரண்டு ஆண்டுகள் இருக்க விரும்புகிறோம். தங்களுக்கு வீடு தேவைப்பட்டால், ஒப்பந்தத்தில் எழுதும் அறிவிப்புக் காலத்துக்குள் காலிசெய்து கொடுப்போம்."

இதில் தாயாரைப் பற்றிய வரியைத் தற்செயலாக எழுதவில்லை. தண்ணீர் லாரிக்குக் காத்திருந்து பழகிய நகரம் இது. வீட்டில் எத்தனை தலை என்பதை உரிமையாளர் எண்ணித்தான் பார்ப்பார். மூன்று பேர் என்று சொல்லிவிட்டு நான்காவது ஆள் வந்து தங்கும்போது எழும் மனக்கசப்பு, கடைசி நாள்வரை தீராது. நாய் வளர்த்தால் அதையும், இரவுப் பணி என்றால் வெளிக்கதவு நேரத்தையும், வீட்டில் டியூஷன் எடுப்பதாக இருந்தால் அதையும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். இவற்றால் ஒரு வீடு கிடைக்காமல் போகலாம். ஆனால் மறைத்துக் குடிபோன வீட்டில் நிம்மதியாக இருக்க முடியாது.

சேர்ந்து வீடெடுக்கும் இளைஞர்களுக்கும் தனியாக வாழும் பெண்களுக்கும் கதவு சட்டென்று திறப்பதில்லை என்பது வேதனையான உண்மை. நண்பர்கள் நால்வர் சேர்ந்து கேட்பதாக இருந்தால், நால்வருடைய தாள்களையும் ஒரே உறையில் வைத்து, வாடகையை ஒருவர் கணக்கிலிருந்து மொத்தமாகச் செலுத்துவதாகவும், நால்வரும் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவதாகவும் எழுதுங்கள். பெற்றோர் ஒருவர் நேரில் வந்து பேசினால் இன்னும் நல்லது. அசைவம் சமைக்கக் கூடாது என்னும் வீடுகள் உண்டு. அதைத் தொலைபேசியிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டால் வீண் அலைச்சல் மிச்சம். சொந்த ஊர், குலதெய்வம் என்று சுற்றி வளைத்துச் சாதியைக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை யாருக்கும் இல்லை; கடிதத்தில் அதற்கு ஒரு வரிகூட ஒதுக்காதீர்கள்.

வீடு பார்க்கப் போகும்போது நாமும் கேட்க வேண்டியதைக் கேட்கலாம். மெட்ரோ தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, மின்சாரத்துக்குத் தனி மீட்டரா அல்லது உள் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்களா, 2015 டிசம்பர் மழையிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பன போன்ற கேள்விகள், நீண்ட காலம் தங்க நினைப்பவர் கேட்கும் கேள்விகள் என்பதை உரிமையாளர் உணர்வார். வீட்டைப் பார்க்காமல், படத்தை மட்டும் நம்பி எவருக்கும் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். பேசுபவர் உண்மையான உரிமையாளர்தானா என்பதைச் சொத்து வரி ரசீதைக் காட்டச் சொல்லிப் பணிவாகவே உறுதிசெய்துகொள்ளலாம். வாடகையே இல்லாமல் பெருந்தொகை கொடுத்து லீசுக்குப் போகிறவர்கள், அந்தச் சொத்தின் மேல் பதிவான அடமானம், விற்பனை போன்றவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் பார்க்காமல் பணம் கொடுக்கவே கூடாது.

முன்பணத்தைப் பொறுத்தவரை, பத்து மாத வாடகையைக் கேட்கும் பழக்கம் சென்னையில் நெடுங்காலம் இருந்தது. இருதரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டாலன்றி மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டுச் சட்டம். இதைச் சட்டப் பேச்சாக எடுத்த எடுப்பில் வைக்காமல், "மூன்று மாத முன்பணம் இன்றே தயாராக இருக்கிறது" என்று தொடங்கிப் பேசுவது பலன் தரும். வீட்டை நமக்கென நிறுத்திவைக்கக் கொடுக்கும் சிறு டோக்கன் தொகையாக இருந்தாலும் வங்கி வழியாகவே செலுத்தி, எதற்கான தொகை என்பதை அதிலேயே குறிப்பிடுங்கள். காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஆடியிலும் மார்கழியிலும் குடிபோகப் பலர் விரும்புவதில்லை என்பதால், அந்த மாதங்களில் காலியாகக் கிடக்கும் வீட்டுக்கு வாடகையைச் சற்றுக் குறைத்துக் கேட்க இடமுண்டு. நாள் பார்ப்பவர்கள் ஆனி முடியும் முன் பால் காய்ச்சிவிட்டுப் பிறகு சாமான்களை ஏற்றுவதும் உண்டு.

ஒப்பந்தம் எழுத்தில் இருப்பது கட்டாயம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்ற 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் விதியால்தான் பதினோரு மாத ஒப்பந்தம் வழக்கமானது. ஆனால் இப்போதைய வாடகைச் சட்டத்தின்படி அந்தப் பதினோரு மாத ஒப்பந்தத்தையும் 90 நாட்களுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அரசு இணையதளத்தில் அந்தப் பதிவை நாமே செய்து தருவதாகக் கடிதத்தில் ஒரு வரி சேர்த்தால், வயதான உரிமையாளர்களுக்கு அது பெரிய ஆறுதல். காவல் நிலையத்தில் கொடுக்கும் வாடகைதாரர் விவரப் படிவத்தையும் அடுக்குமாடிச் சங்கத்தின் படிவத்தையும் நிரப்ப, பாஸ்போர்ட் அளவுப் படங்கள் நான்கை உறையிலேயே வைத்திருங்கள். ஆண்டு வாடகை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால், அலுவலகத்தில் வீட்டு வாடகைப் படிக்கு வரிவிலக்குக் கோர உரிமையாளரின் பான் எண் தேவைப்படும். இதைக் குடிபோன பிறகு கேட்டுச் சங்கடப்படுவதைவிட, ஒப்பந்தம் பேசும்போதே கேட்டுவிடுவது நல்லது.

சாவி கைக்கு வரும் நாளில் சுவர்களையும், குழாய்களையும், மின் மீட்டரில் ஓடியிருக்கும் எண்ணையும் படமெடுத்து, அன்றே வீட்டுக்காரருக்கும் அனுப்பிவையுங்கள். அந்தப் படங்களின் அச்சும், முதல் மாத வாடகை ரசீதும் அதே உறைக்குள் போகட்டும். இந்த வீட்டைக் காலிசெய்யும் நாளில் வீட்டுக்காரரிடம் நான்கு வரி எழுதி வாங்கி, அதையும் அங்கேயே சேர்த்துவிடுங்கள்.